நாவல் ஒளிந்த இடம்

புறநகர்க் கிளை நூலகத்தில் ஒரு தடிமனான நில அளவைச் சட்டப் புத்தகம் இருந்தது. அதை ஒருவரும் படித்ததில்லை. அங்கே வாசிக்க வரும் செங்கமலம் மட்டும் அதைத் தினமும் வெளியே இழுப்பாள். பாதி படித்த நாவலை வேறு யாரும் எடுத்துவிடாதபடி அதன் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தாள்.

“உன்னால என் இடுப்பே போச்சு. வேற இடம் பாரும்மா,” என்று சட்டப் புத்தகம் நாவலிடம் சிடுசிடுத்தது.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதும் போயிடுறேன்,” என்றது நாவல்.

அன்று நூலகர், யாரும் தொடாத புத்தகங்களை எடைக்குப் போடப் பொறுக்கிக்கொண்டே வந்தார். சட்டப் புத்தகம் தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டது. நூலகர் அதன்மேல் விரலை ஓட்டினார். துளி தூசி இல்லை.

“இதை யாரோ விடாம படிக்கிறாங்க போல,” என்று நகர்ந்துவிட்டார்.

சட்டம் மெல்லத் தொண்டையைச் செருமியது. “ஏம்மா, அந்தக் கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம்?”