ஒரே ஒரு சொல்லை எடுக்க

கொம்பியூட்டர் மறுபடியும் அதையே சொன்னது. இந்தக் கோப்பு புதிய பதிப்பில் செய்யப்பட்டது, உன்னிடம் இருப்பது பழையது, திறக்க முடியாது.

மேசையில் ஒரு குத்து விட்டேன். மவுஸ் துள்ளிக் கீழே விழுந்தது.

"மெதுவா செய்ங்க தம்பி" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த விஜயலெட்சுமி அக்கா.

மெதுவாகவாம்! காலையில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், பதுளை டவுனில் வேறு ஸ்டூடியோவே இல்லாத மாதிரி என் கடையில் உட்கார்ந்துவிட்டார். மகள் சுபாஜினியின் கல்யாண அழைப்பு வீடியோவில் ஒரே ஒரு சொல்லை எடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறார்கள்.

"அதுக்குள்ள எடுத்துக் குடுத்துருங்க. அது அப்படியே போச்சுன்னா நான் கல்யாணத்துல நிக்க மாட்டேன்."

என்ன சொல் என்று கேட்டால், வாயால் சொல்ல மாட்டாராம். திறந்தால் காட்டுவாராம். ஏதாவது கெட்ட வார்த்தை விழுந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் வேறு.

அந்த வீடியோவை நான் பார்த்ததுகூட இல்லை. செய்தது என்னிடம் வேலை பார்த்த பவாஸ். தன் லெப்டொப்பில் செய்து, நேரே பெண்ணின் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டு, கட்டாருக்குப் பறந்துவிட்டான். எனக்கு விட்டுப் போனது ஒரு பென்டிரைவ். அதற்குள் இந்தக் கோப்பு.

முடிந்த வீடியோவில் கைவைக்க முடியாது. கலக்கிய தேத்தண்ணியிலிருந்து சீனியை மட்டும் எப்படி எடுப்பது? எழுத்து எழுத்தாகவே இருப்பது இந்தக் கோப்புக்குள்தான்.

சரி என்று வீடியோ வெட்டும் மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கத் தொடங்கினேன். பாதியில் அறுந்தது. மறுபடி தொடங்கினேன். முக்கால்வாசியில் கரண்ட் போனது. இரண்டு வாடிக்கையாளர்கள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அக்கா எழுந்து போய் எனக்கும் தனக்குமாக வடையும் பிளேன்டீயும் வாங்கி வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். கல்யாண வீட்டுக்காரர் என்று பார்த்தாலே தெரியும். எனக்கு வடை இறங்கவில்லை.

கடைசியில் கோப்பு திறந்தது.

திறந்து என்ன பயன்? படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கலர் கலராகக் கோடுகள். ஓரத்தில் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. பூவிதழ், தங்கத் திரை, குத்துவிளக்கு, மணப்பெண். ஒவ்வொன்றும் காணவில்லை, காணவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது.

பவாஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"என்னா தம்பி இது, கோடு கோடா?"

"படமெல்லாம் இதுக்குள்ள இல்லக்கா. இது தோட்டத்துல காலையில வேலைக்கு எறங்க முந்தி பெரட்டுல பேரு கூப்புடுற மாதிரி. பேரு மட்டுந்தான் இங்க. ஆளு வேற எங்கயோ நிக்கணும். கூப்பிட்டும் வரலன்னா காணோம்னு காட்டும்."

"காணோம்னா, பேர வெட்டிப்புடுமா?"

"வெட்டாது. நம்ம தேடிக் குடுக்குற வரைக்கும் எடத்த அப்படியே வச்சிருக்கும்."

அவர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பவாஸிடமிருந்து ஒருவழியாகக் குரல் செய்தி வந்தது. "அண்ணன், எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்ல இரிக்கி. ஒண்டக் காட்டிக் குடுங்க, மத்ததெல்லாம் தன்னால வரும்."

இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அலுமாரிக்கு மேலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்துத் தூசி தட்டிச் செருகினேன். பூவிதழ் இருக்கும் இடத்தைக் காட்டினேன். மற்றவையெல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன.

வீடியோ ஓடியது. தங்கத் திரை விலகியது, இதழ்கள் கொட்டின, பெண் வீட்டாரின் பெயர் மின்னிக்கொண்டு எழுந்தது.

"நிப்பாட்டுங்க" என்று அக்கா எழுந்து வந்தார். திரையில் விரலை வைத்தார்.

அமரர் கணபதி – விஜயலெட்சுமி தம்பதிகளின் செல்வப் புதல்வி.

விரல் இருந்தது முதல் சொல்லின் மேல்.

போன கார்த்திகை மழையில் அவர்கள் தோட்டத்தில் மலை இறங்கி லயத்து வீடுகளை மூடியது எனக்குத் தெரியும். அதில் இவருடைய புருஷனும் போனது தெரியாது. சித்தப்பா எழுதிக் கொடுத்ததை பவாஸ் அடித்திருக்கிறான். எந்த அழைப்பிலும் அப்படித்தானே போடுவார்கள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவர இன்னும் கண்டுபுடிக்கலயே தம்பி. தோண்டுறதத்தானே நிப்பாட்டுனாங்க" என்றார். "ஒங்க கொம்பியூட்டரே காணோம்னுதானே சொல்லுது."

அந்தச் சொல்லை அழித்தேன்.

மிச்ச வரி தானாக நகர்ந்து நடுவுக்கு வந்தது, கணபதி முன்னால், விஜயலெட்சுமி பக்கத்தில்.