தண்ணீர்க் கறை

பூந்தமல்லியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜேம்ஸ், காய்ந்த நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாய்யா?" என்றாள் மனைவி ஸ்டெல்லா.

"ஆவடி கலியமூர்த்தி சார் ரோலு. தண்ணி சொட்டோட தொங்க வுட்டுட்டேன். நடுவுல வட்டமா கறை வுழுந்துகீது பாரு."

"படமே ஒண்ணும் தெரியலையே. வெறும் புள்ளியா கீது."

"படம் தெரியாதது அவர் தப்பு. கறை என் தப்பு."

"கழுவினா போவாதா?"

"கழுவிப் பார்த்தேன், போவல."

"அப்போ சொல்லிடு."

"தொழில் தெரியாதவன்னு நெனைப்பாரு."

நெகட்டிவ்களில் மூக்குக்கண்ணாடி மேல் விழுந்த வெளிச்ச மினுக்கத்தைச் சுரண்டியெடுத்துப் பழகிய கை அது. பிளேடால் கறையைத் தடமே தெரியாமல் எடுத்துவிட்டு, பிரின்ட் போட்டான்.

மாலையில் வந்த கலியமூர்த்தி, பிரின்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல ஒரு வளையம் இருக்கணுமே தம்பி?"

மேசையில் கிடந்த பிளேடை ஜேம்ஸ் கைக்குள் மூடிக்கொண்டான். "இன்னா வளையம் சார்?"

"சாகப்போற நட்சத்திரம் ஊதிவிடுற புகை வளையம். அதைப் பிடிக்கத்தான் நானே கண்ணாடி தேய்ச்சு டெலஸ்கோப் செஞ்சேன். கழுவுறப்ப ஏதாவது போயிருக்குமா?"

ஸ்டெல்லா கணவனைப் பார்த்தாள்.

"என் கையில ஒண்ணும் போவாது சார்."

"அப்ப நான்தான் அவசரப்பட்டு கேமராவை மூடியிருப்பேன். உன் வேலையைச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத தம்பி" என்று கலியமூர்த்தி கையை நீட்டினார்.

பிளேடை மறைத்து மூடியிருந்த கையை ஜேம்ஸால் நீட்ட முடியவில்லை.