ஆள் நிறைந்த அலுவலகம்

2025, ஜூலை 14, திங்கட்கிழமை. செய்த வேலையைப் பாராமல், போட்டிருக்கும் நாற்காலிகளைப் பார்த்து வேலை கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் பெருகிவிட்டது. அதைக் கண்டிப்பார் ஒருவரும் இல்லை. அன்று காலை கீழ்க்கட்டளையில் நடந்ததே இதற்குச் சான்று.

மருந்துக் கடையின் மேல்மாடியில், இணையதளங்களும் கைப்பேசிச் செயலிகளும் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்று உண்டு. அங்கே பதினாறு பேர் மடிக்கணினியை வெறித்தபடி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுள் இருவருக்கு மட்டுமே அந்தத் தொழில் தெரியும்.

அவ்விருவர், உரிமையாளர் சுகுமாரும் அவருடைய ஒரே ஊழியர் பென்னியும். மடிக்கணினிகள் ஒரு நாள் வாடகைக்கு வந்தவை. மற்றப் பதின்மூவரைக் கனகவல்லி அழைத்து வந்து, தாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். கடைத் திறப்பு, படப்பிடிப்பு, பொதுக்கூட்டம் என எங்கே கூட்டம் வேண்டுமோ அங்கே ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில்.

"சார், கழுத்துல மாட்டுற டேக்கு எதுவும் நீ வாங்க வேணாம். எங்கையிலயே நாலு கலர்ல கீது" என்று சொல்லி, ஆளுக்கொன்றாக அவரே மாட்டிவிட்டார்.

"அக்கா, அந்தக் கடைசி சீட் அண்ணன் கீபோர்ட ரெண்டு கையாலயும் குத்துறாரு. பரோட்டாவுக்கு மாவு பிசையற மாதிரி இருக்கு!" என்று பதறினார் பென்னி.

"நீ உன் வேலய பாரு தம்பி. கம்பெனின்னா சத்தம் வரணும்."

ஆறு மாதமாகப் புதிய வேலை எதுவும் வரவில்லை. இப்போது பேச்சில் இருந்த ஒரு வேலையும் கைநழுவினால் மாத இறுதியில் அலுவலகத்தை மூடிவிடுவதென்று சுகுமார் முடிவு செய்திருந்தார். பென்னிக்கும் அது தெரியும். ஆகவேதான் வேலை கிடைக்கும் முன்பே, இரண்டு வாரம் கண்விழித்து, அதற்குரிய செயலியை அவர் செய்து முடித்திருந்தார்.

அந்த வேலையைக் கொடுக்க வரவிருந்தவர் பத்ரிநாராயணன். மளிகைப் பொருள்களை வீடுவீடாக அனுப்பும் நிறுவனத்தைக் கேளம்பாக்கத்தில் நடத்துபவர். முந்தைய வாரம் சுகுமார் அங்குச் சென்றபோது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஊழியர்கள் வரிசை வரிசையாக முதுகு காட்டி உழைத்துக்கொண்டிருந்தனர்.

"பாத்தீங்கல்ல? எங்களுக்கு வேலை செய்யறவங்களும் கொஞ்சம் பெரிய டீமா இருக்கணும் சார். ரெண்டு பேர், மூணு பேர்லாம் சரிப்படாது. நானே நேர்ல வந்து பாக்கறேன்" என்றார் அவர். அவ்வளவு பெரிய நிறுவனத்திடம் முன்பணம் கேட்கச் சுகுமாருக்கு நா எழவில்லை.

சொன்னபடியே பத்ரிநாராயணன் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்காலிகளை எண்ணியவாறு நடந்தார். கடைசி நாற்காலிக்காரரிடம் நின்றார்.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"வேல சார்."

"அதான், என்ன வேலை?"

"நல்ல வேல சார்."

பென்னி பாய்ந்து வந்தார். "அவர் ரொம்பப் பேச மாட்டார் சார். பேசினா கோட் மறந்துடும்."

பத்ரிநாராயணன் மெச்சும் பாவனையில் தலையசைத்து, அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அங்கே கனகவல்லியின் எதிரில் வந்ததும் சட்டென்று நின்றார். கனகவல்லி திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

பத்ரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கனகவல்லியின் இருபுறமும் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். குளிர்சாதனம் ஓடியும் அவர் நெற்றி வியர்த்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் ஈனக்குரலில்.

"மாட்டிக்கிட்டோம்ணா" என்று சுகுமாரின் காதில் கிசுகிசுத்தார் பென்னி. சுகுமார், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று வாய் திறந்தார். அதற்குள் பத்ரிநாராயணன் முந்திக்கொண்டார்.

"பாத்தது போதும் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

"சார், ஆப்பைப் பாக்கலியே? பென்னி முழுசா ரெடி பண்ணி வெச்சிருக்கான். அஞ்சே நிமிஷம்..."

"வேணாம், வேணாம். நம்பிக்கைதான் சார் முக்கியம்."

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டார். காப்பி வரும்வரைகூட நிற்கவில்லை; படிகளில் தாவி இறங்கினார். இரண்டு வார உழைப்பு, திறக்கப்படாமலேயே பென்னியின் கையிலிருந்த கைப்பேசிக்குள் கிடந்தது.

சுகுமார் பென்னியை இறுகக் கட்டிக்கொண்டார். கடைசி நாற்காலிக்காரர் எதற்கென்று தெரியாமலேயே கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர்.

ஆரவாரம் அடங்கியபின் சுகுமாருக்கு அந்த ஐயம் எழுந்தது. "அக்கா, உங்களப் பாத்ததும் அவர் ஏன் அப்படி வெலவெலத்துப் போய்ட்டார்? கண்டுபிடிச்சிட்டார்னே நெனச்சேன்."

"கண்டுபுடிக்காம இன்னா சார்?" என்றார் கனகவல்லி. "போன வாரம் நீ அவரு ஆபீஸுக்குப் போனியே, அன்னிக்கு அங்க குந்திகினு இருந்ததே நாங்கதான்."

பென்னி செய்த செயலியை இந்த நிமிடம்வரை எவரும் திறந்து பார்க்கவில்லை. வாசகரே, நீங்களாவது பாருங்கள்!