ஐம்பத்தைந்து நிமிடம்

"இந்தப் பக்கத்தை ஏன் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கே?"

டிராயிங் டீச்சர் நோட்டைத் தூக்கிப் பிடித்தாள். பெரியவர்களும் படிக்கும் அந்த ஓவிய வகுப்பின் பெஞ்சுகளில் இருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். நோட்டுக்குச் சொந்தக்காரி தலை நிமிரவில்லை. வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'ரப்பர்' என்று பேர்.

"தெரியாம ஒட்டிக்கிச்சு டீச்சர்."

"தெரியாம நாலு மூலையும் ஒட்டுமா?"

டீச்சர் ஸ்கேலை நுழைத்து மெல்லப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் பென்சில் படம்.

"எல்லாரும் இங்க வாங்க. மனசுல இருக்கிற மனுஷனை வரையாதீங்க, எதிர்ல இருக்கிற மனுஷனை வரைங்கன்னு ஆறு மாசமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேனே! இவ இத்தனை நாளா போட்டதெல்லாம் துணிக்கடை பொம்மை. ரெண்டு தோளும் ஒரே மட்டம். இப்ப இதைப் பாருங்க. ஒரு தோள் சரிஞ்சிருக்கு. வாய் ஒரு பக்கமா இறங்கியிருக்கு. மடியில விழுந்து கிடக்குற கையோட கனத்தைப் பாருங்க. கண்ணு பாதி மூடி, பாதி நம்மளையே பாக்குது. அசதின்னா இதான்."

"ரப்பருக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றார் பின்பெஞ்சு பல் டாக்டர்.

எந்தப் படமானாலும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் மூலையில் எழுத வேண்டும் என்பது அந்த வகுப்பின் சட்டம். டீச்சர் அதைப் படித்தாள்.

"நாலு பத்துலேருந்து அஞ்சு அஞ்சு வரைக்கும். அம்பத்தஞ்சு நிமிஷம்! எங்க வீட்ல அஞ்சு நிமிஷம் உட்காரச் சொன்னாலே மூக்கு அரிக்குதும்பாங்க. யாரும்மா இந்தப் புண்ணியவான்?"

அவள் பெஞ்சில் கிடந்த ரப்பர் துகள்களை விரலால் ஒதுக்கினாள்.

"சரி, சனிக்கிழமை கண்காட்சியில வாசலுக்கு நேரா இதைத்தான் மாட்டப் போறேன். வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வா."

"வேண்டாம் டீச்சர்."

"என்ன வெக்கம்?"

"மாட்டாதீங்க டீச்சர். உங்க கால்ல வேணா விழறேன்."

டீச்சரின் முகம் மாறியது. "பக்கத்தை ஒட்டி மறைக்கிறே. ஆள் யாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறே. இது நீ போட்டதுதானா?"

தப்பிக்க ஒரே ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல டீச்சர். போட்டோவை அடியில வெச்சு டிரேஸ் எடுத்தேன்."

"அப்ப இந்த நேரம்?"

"சும்மா எழுதினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். டீச்சர் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் முன்னால் போட்டாள்.

"தினமும் நாலு படம் போடுறேன்னு உன்னைத்தான் எல்லாருக்கும் உதாரணம் காட்டிட்டிருந்தேன். எடுத்துட்டுப் போ. இனிமே வராதே."

படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். காது மடல்கள் எரிந்தன. கூனிக் குறுகிப் படியிறங்கினாலும், கடைசிப் படி வந்தபோது மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. படம் மாட்டப்படாது. அது போதும்.

வாசலில் காரோடு அக்கா காத்திருந்தாள். பின் சீட்டில் அப்பா.

"என்னடி, சீக்கிரமே விட்டுட்டாங்களா? முகம் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அக்கா முன்னால் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"டாக்டர் இன்னைக்கும் அதையேதான் சொன்னார். அப்பாவுக்கு வாதம் வந்து இழுத்துக்கிட்ட உடனே, ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பேச்சும் கையும் தப்பிச்சிருக்குமாம். நீ என்னடி பண்ணுவே, பாவம்? அஞ்சு மணிக்கு நீ வீட்டுக்குள்ள வரும்போதே அப்பா நாற்காலியில அப்படித்தானே சரிஞ்சு கிடந்தார்?"

"ஆமாக்கா" என்றாள், பையை மடியில் அழுத்திக்கொண்டு.

அசைகிற ஒரு கையால் அப்பா அந்தப் பையைத் தொட்டு, படத்தைக் காட்டு என்று சைகை செய்தார். "இன்னும் கொஞ்ச நேரம் அசையாதீங்கப்பா" என்று அவள் சொல்லச் சொல்ல, நாலு பத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த அதே கண்களால் இப்போதும் பார்த்தார்.