ஹாக்கர்

சந்தை இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிது. இங்கிலீஷ் வார்த்தைகள் என்றால் அவருக்கு உயிர். அன்று காலை ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு வெங்காய வண்டியை மடக்கி, வண்டிக்காரனுக்குப் பாடமே நடத்திவிட்டார்.

"ஒரே இடத்துல உக்காந்து விக்கிறவன் வெண்டர். வீடு வீடாப் போறவன் பெட்லர். தெருவுல கூவி விக்கிறவன் ஹாக்கர். இந்தத் தெருவுல ஹாக்கருக்குத் தடை. நோயாளிங்க தூங்க முடியலன்னு புகார் வந்திருக்கு. நீ கூவினியா, இல்லையா?"

வண்டிக்காரன் தலை குனிந்து நின்றான்.

"கேக்குறேன்ல? வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா?"

அதற்கும் பதில் இல்லை. இன்ஸ்பெக்டருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"என்னா திமிரு! வண்டியத் தூக்குங்கய்யா!"

மூட்டையும் தராசும் லாரியில் ஏறின. அப்போது எதிர்ச் சந்திலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, விட்டுடுங்க! நான் அவர் சம்சாரம். அவருக்குப் பிறவியிலேருந்தே பேச்சு வராதுங்க. கூவுறதெல்லாம் நான்தான்!"

இன்ஸ்பெக்டரின் முகம் சுண்டிப்போனது. அவருடைய உதவியாள்தான் விடவில்லை.

"அப்போ ஹாக்கர் இந்தம்மாதானே சார்? ஏறும்மா லாரியில."

உதவியாள் அவள் கையைப் பிடித்ததுமே வண்டிக்காரன் பாய்ந்து வந்து மனைவியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான். "ஆ... ஆ..." என்று அடிவயிற்றிலிருந்து அலறியபடி, கூவியது தான்தான் என்று காட்ட, நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டான்.