நாலு வெள்ளைத்தாள்

மில் காவலாளி சவரிமுத்து சிறைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றான். செம்புக்கம்பி திருடியதாக வழக்கு. அவன் மனைவி ஏற்பாடு செய்த வக்கீல் மரகதவல்லி கேட்டாள்: “ஸ்டேஷன்ல எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?”

“நாலு வெள்ளைத்தாள்ல போட்டேன், மேடம். ஏட்டய்யா டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்.”

“திருட்டை நீங்களே ஒத்துக்கிட்டதா அதுலதான் எழுதியிருக்காங்க. இனிமே படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.”

அவள் வக்காலத்துப் படிவத்தை வார்டர் வழியாக உள்ளே அனுப்பினாள். அதில் கையெழுத்து இருந்தால்தான் நாளை ஜாமீன் கேட்டு அவள் வாதாட முடியும். நாளையை விட்டால் கோர்ட்டுக்கு ஒரு மாதம் கோடை விடுமுறை.

சவரிமுத்து தாளை வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினான்.

“உங்களுக்காக நான் பேசறதுக்குத்தாங்க அது. நேரமில்ல, சீக்கிரம் போடுங்க.”

“ஏட்டய்யாவும் சீக்கிரம்னுதான் சொன்னாரு.”

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. விரல் மூன்றாவது வரியில் இருந்தது.

“கலெக்டர் பரீட்சைக்கா படிக்கிற?” என்று வார்டர் தாளை உருவினார்.

“இருங்கய்யா,” என்றான் சவரிமுத்து. “இன்னும் பாதிகூடப் படிக்கல.”