பையில் வரைந்த சிரிப்பு

“படத்தை மறைச்சா பையும் கிடையாது, ஃபீஸும் கிடையாது!” என்று கத்தினார் அறக்கட்டளைச் செயலாளர் நல்லபெருமாள். இலவசப் பள்ளிப்பையில் அச்சிட்ட படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார் அவருடைய மறைந்த அப்பா.

“இதைப் பாத்தாலே புள்ள அலறுதே சார், எப்படி ஸ்கூலுக்கு அனுப்புவேன்?” குழந்தையின் அம்மா வளர்மதியும் விடவில்லை. குழந்தை அவள் சேலைக்குள் ஒளிந்துகொண்டது.

விழா மேடையிலிருந்து இறங்கிவந்தார் நல்லபெருமாளின் அம்மா செண்பகவல்லி. மகன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கி, கணவரின் மீசைக்குக் கீழே பெரிய சிரிப்பொன்றை வரைந்தார்.

குழந்தை எட்டிப் பார்த்தது. “தாத்தா நல்லவராயிட்டாரா?”

“இப்பத்தான்டி கண்ணு,” என்றார் செண்பகவல்லி.

குழந்தை பையை மாட்டிக்கொண்டது. வளர்மதிக்கு மூச்சு வந்தது.

மறுமாதமே செண்பகவல்லி அம்மாள் கோத்தகிரியில் தங்கை வீட்டோடு இருக்கப் போய்விட்டார். கூடத்திலிருந்த கணவரின் பெரிய படத்தை மகனுக்கே விட்டுவிட்டு, அந்தப் பைகளில் ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதிலும் மீசைக்குக் கீழே சிரிப்பு இருக்கிறதா என்று மகன் எட்டிப் பார்ப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.